ஏறாமல் படுத்த கோடு

உங்கள் பெரியக்கா கம்பசில் என்னதான் படித்தாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற உங்கள் அப்பாவுக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். அதற்கு, அவள் வீட்டில் அகப்பட்டுக் கிடந்த கதையையும் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடியாத காலம். பலாபத்வல போகும் வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டை பார்க்க எல்லோரையும் இறக்குவார்கள். கொட்டும் மழையில் இறங்கிய நெரிசலில் அக்காவின் அடையாள அட்டை கைநழுவி ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்து, வெள்ளத்தோடு போய்விட்டது. அட்டை இல்லாமல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. அவளுக்கோ கடைசி வருசம். அடுத்த மாத முடிவுக்குள் தன் ஆய்வை நேரில் நின்று விளக்காவிட்டால் பட்டம் இல்லை.

புது அட்டை வரும்வரை படம் ஒட்டிய கடிதம் ஒன்று போதும். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும்: ஜி.எஸ். என்கிற கிராம சேவகருடையது ஒன்று, தோட்டத்தை நடத்தும் துரையுடையது ஒன்று. புதன்கிழமை நான் கிராம சேவகரிடம் போனால், "தொரை போடட்டும், பொறகு நான்" என்பார். சனிக்கிழமை தோட்ட ஆபீசுக்குப் போனால் பெரிய கிளாக்கர், "மொதல்ல ஜி.எஸ். போட்டாத்தான் தொரைகிட்ட கொண்டுபோவேன்" என்பார். புதன், சனி. மறுபடி புதன், சனி. அந்தக் கடிதத்தின் மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது.

அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுவாள். ஒருநாள் அவள் தாளில் ஒரு கோடு பார்த்தேன். மலையேறுவது போல ஏறி, பாதியில் அப்படியே படுத்துவிட்டது.

"இது என்னம்மா?"

"ஒரு சக்கரத்தோட வேகம்ப்பா. ஒரே இடைவெளி விட்டு உதை குடுத்துக்கிட்டே இருக்கோம். சில உதை தள்ளும், சிலது தடுக்கும். எது எப்பிடின்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனா மொத்தத்துல வேகம் ஏறிக்கிட்டே போகும்."

"பின்ன ஏன் உன் கோடு ஏறல்ல?"

"இது அணு அளவு சக்கரம். கொஞ்ச நேரம் ஏறும். அப்புறம் எத்தன உதை குடுத்தாலும் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி நின்னுரும்."

"கட்டினது யாரு?"

அவள் பேசனில் தண்ணீர் எடுத்து வந்து, இரண்டு பக்கமும் விரலால் தட்டினாள். "பாருங்க, ரெண்டு அலையும் சேர்ந்தா ஒரு எடத்துல எழும்புது, இன்னொரு எடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிருது. அணுவும் அலை மாதிரித்தான். மேல போற வழியெல்லாம் அழிஞ்சுபோனா அது எங்க போகும்?"

இருபது வருசம் தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றும் ரோலர் மெசினோடு நின்ற எனக்கு அது புதிது. "அவுக்கவே முடியாதா?"

"முடியும். தாளம் தப்பி, கண்ட கண்ட நேரத்துல உதைச்சா அலைங்க கணக்கு குழம்பிரும். மறுபடி ஏறும்."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "சக்கரத்துக்குக் குடுத்தது போதும், அந்த ஜி.எஸ்.ஸுக்கு ஒரு உதை குடுங்க அப்பாவும் மகளும்!" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்பா, இது அணுவுக்கு மட்டுந்தான். மனுசருக்கு இப்பிடிக் கணக்கு இல்ல" என்றாள்.

இல்லைதான். ஆனாலும் அந்தத் தாளம் தப்பிய உதை என் மண்டையை விட்டுப் போகவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்க, ஒரு வியாழக்கிழமை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் மருந்து கொடுத்த ஐயா இறந்துபோனார். இழவு வீட்டில் துரையும் கிராம சேவகரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். அந்த இடத்தில் சொந்தக் காரியம் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அங்கு போனேன் என்பதை உங்கள் அம்மாவுக்கே இன்றுதான் சொல்கிறேன்.

குனிந்து நீட்டினேன்.

"இங்கயா?" என்றார் துரை.

"மகளுக்குங்க. நாலு நாள்தான் இருக்கு."

"தொரை போட்டா நான் போடுறேன்" என்றார் கிராம சேவகர்.

"நீங்க போட்டா நானும் போடுறேன்" என்றார் துரை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துரை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டார். பேனை குத்தி ஓரிடம் ஓட்டையாகிவிட்டது. கிராம சேவகர் அந்த ஓட்டைக்குக் கீழே போட்டார். வாசலில் நின்ற ஐயாவின் மகன் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் அக்காவோடு நானும் பஸ்ஸில் போனேன். மறிக்கும் இடத்தில் சிப்பாய் கடிதத்தைத் திருப்பினான். ஓட்டையில் விரல் வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போகச் சொன்னான். எனக்கு வேலை இருந்தபடியால் நான் மறுபடி பஸ் ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டேன்.

"போயிட்டு வர்றேன்ப்பா" என்று ஜன்னலால் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை விடிந்ததும் நான் எழும்பி, சட்டையைப் போட்டுச் செருப்பையும் மாட்டிவிட்டேன். எங்கே போகிறேன் என்று உங்கள் அம்மா கேட்டபிறகுதான் கழற்றினேன்.