நடுவர் கேட்ட கேள்வி

உச்சி வெயிலில் காய்ந்த அலுமினியத்தின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்வாசல் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்த "வெளி லோட்டா"வை, என்னோடு எட்டாம் வகுப்பு படித்த புஷ்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும்தான் எடுப்பேன். அவள் காலனிப் பிள்ளை, உள்ளே வரக்கூடாது. படியில் நின்று, இரு கைகளையும் குவித்துக் குனிந்து குடிப்பாள்.

அந்த வருடப் பேச்சுப் போட்டியில் எங்கள் இருவருக்கும் சேர்த்து நிறவெறியை எதிர்த்த போராட்டங்களைத் தலைப்பாகத் தந்தார்கள். அமெரிக்கா எனக்கு, தென்னாப்பிரிக்கா அவளுக்கு. வாயாடி என்று பேரெடுத்தவள் நான், மூளை என்னவோ அவளுடையது. பேருந்தின் பின்னிருக்கையில் உட்கார மாட்டோம் என்று மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனவர்களை நான் நெட்டுருப் போட, சொந்த மண்ணில் நடமாடக் கேட்கப்பட்ட அனுமதிச்சீட்டைத் தெருவில் போட்டுக் கொளுத்தியவர்களை அவள் நெட்டுருப் போட்டாள்.

"அமெரிக்காவுல அவுக கொஞ்சப் பேரு, சட்டத்தக் காட்டி கோர்ட்டுல கேட்டாக. தென்னாப்பிரிக்காவுல நாடே அவுகதான், ஆனா ஓட்டே கிடையாது. அதான்டி வித்தியாசம்," என்றாள் புஷ்பம். "ஆனா ரெண்டு தேசத்துலயும் தண்ணி குடிக்கிற எடத்துல வெள்ளக்காரவுகளுக்குத் தனின்னு போர்டு மாட்டியிருக்கான் பாரேன், என்ன அநியாயம்!" என்று கொதித்தாள். நானும் கொதித்தேன். கொதித்தபடியே லோட்டாவை எடுத்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினேன்.

போட்டியன்று நாங்கள் பேசி முடித்ததும் நடுவர், கண்டரமாணிக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், "அருமையா ஒப்பிட்டீக. இது மாதிரி நம்ம ஊர்ல எங்குட்டாச்சும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். முன்வரிசையில் என் ஆத்தா உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் வாயைத் திறந்தாள். அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "இல்லை ஐயா, நம்ம ஊர்ல எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம்," என்றேன்.

மண்டபமே அதிரக் கைதட்டினார்கள். முதல் பரிசு எங்களுக்குத்தான். அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. "அந்தப் புள்ள என்னத்தச் சொல்லிருவாளோன்னு பதறிப் போயிட்டேன், நல்லவேளை மானத்தக் காப்பாத்துன," என்று வீட்டில் ஆத்தா எனக்குத் திருஷ்டி கழித்தார்கள். மறுநாளிலிருந்து புஷ்பம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வகுப்பிலும் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்த வீடு சுற்றுலா விடுதி. பின்வாசலை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள், லோட்டா எந்தப் பழைய இரும்புக்கடைக்குப் போனதோ, ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கைதட்டல் ஓயவில்லை. சமைக்கும்போதும் கேட்கும், கோயிலில் கண்ணை மூடினாலும் கேட்கும், அடிப் பாவி என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். போன மாதம் செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில், தலை நரைத்துப்போன புஷ்பத்தைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் பொய் சொன்னேன் புஷ்பம், என்னைய மன்னிச்சிரு," என்றேன்.

"நீ பயந்துட்ட. அது எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "நானும் அவுகளோட சேந்து கைதட்டுனேன்டி. அதத்தான் என்னால மன்னிக்க முடியல."