அரசிக்கு ஒரே ஒரு வசனம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் எனக்கு அரசி வேஷம் கிடைத்தது. மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் எழுதி இயக்கிய சரித்திர நாடகம். அரசருக்குப் பதினாறு பக்க வசனம். அமைச்சர், தளபதி, புலவர் என்று ஆளுக்கொரு சொற்பொழிவு. எனக்கு "ஆகட்டும் பிரபு" மட்டும்.

"சார், அந்தக் காலத்து ராணிங்க ஏரி வெட்டியிருக்காங்க, கோயிலுக்கு நிலம் எழுதி வெச்சிருக்காங்க. கல்வெட்டுலயே இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்மா. சபையில பேசினாங்கன்னு இருக்கா? நீங்க சும்னே கம்பீரமா உட்காருங்க. ஸ்வல்ப நேரந்தான்."

அவருடைய கன்னடம் கலந்த தமிழில் ஸ்வல்ப நேரம், அதாவது கொஞ்ச நேரம், என்பது ஒன்றரை மணி. எனக்குப் பின்னால் நின்று சாமரம் வீச, பக்கத்து ஈஜிபுராவிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சமைக்க வரும் பெண்ணைப் போட்டார்கள். அவளுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. ஒத்திகைகள் முடிவதற்குள் எனக்கு நாடகம் முழுக்க மனப்பாடம். உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை?

விழா அன்று அரசர் மேடையேறி "குடிகளே" என்றார். ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அத்தோடு வசனமும் போய்விட்டது. நான் அடுத்த வரியை முணுமுணுத்தேன்; சொன்னார். இன்னும் இரண்டு வரி எடுத்துக்கொடுத்தேன். பிறகு மீசையைப் பிடித்தபடி, "நீங்களே சொல்லிடுங்க மேடம், ப்ளீஸ்" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

எழுந்து அவர் வசனத்தை முடித்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆட்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏரியைத் தூர்வார உத்தரவிட்டேன். புலவரின் நாலு பக்கக் கவிதையை ரத்து செய்தேன். பணிப்பெண்ணிடம் திரும்பி, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றேன்.

"கை வலிக்குதுக்கா. செத்த உக்காந்துக்கட்டா?"

சிம்மாசனத்தைக் காட்டினேன். அவள் தயங்காமல் உட்கார்ந்து, சாமரத்தை அரசரிடம் நீட்டினாள். ஒரு கையில் மீசையோடு, மறு கையால் அவர் நிஜமாகவே வீசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"சரித்திரத்தையே கெடுத்துட்டீங்களேம்மா" என்றார் இயக்குநர். ஒரு மாதம் லிஃப்டில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் புராண நாடகம். எனக்கு அம்மன் வேஷம்: எட்டுக் கை, எட்டு ஆயுதம், வசனமே இல்லை. சாமரம் வீசியவளைச் சிங்கமாக வரச் சொன்னார்கள்.

"நின்னுகினா, படுத்துகினா?" என்று விசாரித்தாள்.

படுத்துக்கொண்டுதான் என்றதும் உடனே ஒப்புக்கொண்டாள்.