நெய் தெரியாத நாக்கு

மூக்கில் மாட்டிக்கொள்ளும் அந்த நீல நிறக் கிளிப்பை நினைத்தால் இன்னும் எனக்குத் திக்கென்கிறது. ஹைதராபாத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் தலைவர் மதுரைக்காரர், லோத்குண்டா பகுதியில் வீடு. அவரை சார் என்போம். நாக்கிலும் குடலிலும் உள்ள செல்களில் கொழுப்பை அடையாளம் காணும் ஏற்பிகள் உண்டு. கொழுப்பு வந்து ஒட்டியதும் அவை செய்தி அனுப்ப, உடம்பு செரிக்கத் தயாராகிறது, போதும் என்ற எண்ணமும் பிறக்கிறது. இதை சார் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் மதியம் டப்பாவைத் திறந்ததும், "எங்க வீட்டுக்காரிக்கு நெய்ன்னா கை நடுங்குதும்மா" என்று அலுத்துக்கொள்ளாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார்.

சுவைச் சோதனைக்கு வரும் வெளியாருக்குக் கொடுக்குமுன் நாங்களே சுவைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மூன்று கோப்பைகளில் ஒன்றில் மட்டும் கொழுப்பு அமிலம் இருக்கும். வாசனை காட்டிக்கொடுக்காதபடி அந்தக் கிளிப்பால் மூக்கை அடைத்துக்கொண்டு, எது என்று சொல்ல வேண்டும். எங்களுக்கெல்லாம் அந்தக் காறல் உடனே தெரிந்தது. சார் தவறாகச் சொன்னார். "கப்பை மாத்தி வச்சிட்டியாம்மா?" என்று சிரித்தார். மறுபடி மறுபடி வைத்தும் தவறவே, சிரிப்பு நின்றுபோயிற்று. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். "இன்னைக்குப் பருப்புல நெய் விட்டியா?"

"ரெண்டு கரண்டி விட்டேனே. என்னைக்குத்தான் விடல?" என்று அவர் மனைவி சொன்னது எனக்கே கேட்டது.

அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனவர். அவரும் நெய் பத்தவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஏற்பி வேலை செய்யாதவருக்கு எவ்வளவு நெய் விட்டாலும் போதும் என்று தோன்றாது என்பதை, சார் அதைச் சொன்னபோதுதான் சேர்த்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பைகளோடு என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். ஒவ்வொன்றாகச் சுவைத்துவிட்டு, "மூடூ ஒகட்டே அப்பா" என்றாள். மூன்றும் ஒன்றுதானாம். திரும்பத் திரும்பக் கொடுத்தும் அதே பதில். பிறகு கிளிப்பைக் கழற்றி வீசிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். கொழுப்பு தெரியாத இந்தக் குறை பிள்ளைக்கும் இறங்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே சார்தான். வீட்டுச் சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குத் தெரியாததா?

இப்போதும் பந்தியில் யாராவது இலையைக் கையால் மறைத்துப் போதும் என்றால், எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. இத்தனை வருடப் பழி நீங்கியதில் சாரின் மனைவி சந்தோஷப்படுவார் என்று அன்று நான் நினைத்தேன். அவரோ மகள் ஓடிய வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ நாக்கு சொல்லாதுன்னா, போதும்னு இவளுக்கு யாருங்க சொல்றது?"