ஸ்ட்ரோக் வந்துட்டு

போன வாரம் கயத்தாறு பங்கில் பெட்ரோலுக்கு நின்றிருந்தேன். முன்னால் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் குப்பென்று புகை விட்டுக் கிளம்பியது. பக்கத்து ஸ்கூட்டர் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் லூசு மாதிரி நன்றாக இழுத்து முகர்ந்தேன். எரிந்த ஆயில் வாசனை என்றால் எனக்கு செல்வின் ஞாபகம்தான். காலேஜில் என் பெஞ்ச். பாடத்தில் சுமார், பைக் விஷயத்தில் பேராசிரியர்.

அவன் ஊர் எப்போதும்வென்றான் பக்கம். பேர்தான் அப்படி, அவன் ஓட்டிய வண்டி ஒரு மழையையும் வென்றதில்லை. வண்டி அவன் அப்பாவுடைய பழைய டூ-ஸ்ட்ரோக். புஞ்சையிலிருந்து உளுந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு வரவேண்டும். கரிசலில் லேசாகத் தூறினாலே மண் பசை மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும். வண்டி முக்கி, முனகி, நின்றுவிடும். அப்பா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இது இழுக்காதுலே. குடுத்துட்டு மொபெட் எடுத்துருவோம்."

காலேஜ் வாசலில் மொபெட்டில் போய் இறங்குவதா? செல்வின் சில நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. கேன்டீனில் என் கணக்கில் சாப்பிட்டான் என்பது வேறு விஷயம்.

வழி சொன்னது யூடியூப். ஸ்ட்ரோக்கர் கிட். கோவில்பட்டியில் எங்கள் மெக்கானிக் இசக்கி அண்ணாச்சியிடம் கேட்டோம்.

"சிலிண்டர் போரப் பெருசு பண்ணுனா கெணத்த அகலப்படுத்துத மாதிரி. இது ஆழப்படுத்துதது. கிராங்க மாத்துனா பிஸ்டன் இன்னுங் கொஞ்சம் மேல கீழ போய் வரும். சிசி ஏறும், இழுவையும் ஏறும். வாங்கிட்டு வாங்க, மாட்டிருவோம்."

அவன் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பார்சலுக்கு என் வீட்டு முகவரி கொடுத்தோம். முழுப்பெயர் சொல்ல எங்களுக்குப் பொறுமை ஏது? 'ஸ்ட்ரோக்' என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பார்சல் வந்த அன்று அவனுக்கு அடித்தேன். போனை சார்ஜில் போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறான். அவன் அம்மா எடுத்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம், மூச்சு வேறு வாங்கியது.

"ஆன்ட்டி, எங்க வீட்ல ஸ்ட்ரோக் வந்துட்டுன்னு செல்வின்ட்ட சொல்லிருங்க. ஒடனே வரச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். பார்சலைப் பிரிக்கும் அவசரம்.

சாயங்காலம் செல்வின், அவன் அம்மா, அப்பா மூன்று பேரும் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக எங்கள் வாசலில். அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். செல்வினுக்கு அம்மா சொன்னதுமே விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் மாட்டுவான் என்பதால் அவனும் சோகமாகவே வந்திருக்கிறான், படுபாவி.

கதவைத் திறந்தது என் அப்பா. மடித்துக் கட்டிய லுங்கி, கையில் தேங்காய்ச் சில்லு, வாயிலும் கொஞ்சம்.

"அண்ணாச்சி, நீங்க ஏன் எந்திச்சி வந்தீங்க?" என்றார் செல்வின் அம்மா.

"பின்ன கதவ யாரு தொறக்கது? எம் மவனா தொறப்பான்?"

"அப்ப ஸ்ட்ரோக்கு யாருக்கு?"

வேறு வழியில்லை. பார்சலைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். செல்வின் அப்பா அந்த கிராங்கைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காலே ஒங்கம்மாவ அழ வச்ச?" என்றார். கொஞ்சம் கழித்து, "இதப் போட்டா இழுக்குமா?"

"இழுக்கும்ப்பா."

"சரி, மழ பெய்யட்டும். மூடையோட தார் ரோட்டுக்கு வந்து சேந்தா வண்டி இருக்கட்டும். வழியில நின்னுதுன்னா அன்னைக்கே மொபெட்."

இசக்கி அண்ணாச்சி மாட்டிக் கொடுத்தார். மழையும் வந்தது. யாரையும் நம்பாமல் அப்பாவே ஓட்டினார். நாங்கள் தார் ரோட்டில் நின்றோம். செல்வின் முகம் ரிசல்ட்டுக்கு நிற்பவன் முகம் மாதிரி இருந்தது, ஆனால் ரிசல்ட்டுக்கு அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. முதலில் சத்தம் வந்தது, அடித்தொண்டையிலிருந்து. பிறகு முழங்கால்வரை சேற்றோடு அவர். வண்டி நிற்கவில்லை. எங்களைத் தாண்டியும் நிற்கவில்லை. மூட்டையோடு அடுத்த ஊர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"என்னா இழுவ இழுக்கு" என்றார். "இனி இது எனக்கு. ஒனக்கு மொபெட் எடுத்துருவோம்."

காலேஜ் முடியும்வரை செல்வின் மொபெட்டில்தான் வந்தான்.

இப்போது அந்தப் பாதையில் தார் போட்டாயிற்று. புஞ்சையெல்லாம் சோலாருக்குக் குத்தகை, கம்பி வேலிக்குள் வரிசையாகப் பலகைகள். உளுந்து விதைத்த தடமே இல்லை. போன கிறிஸ்மஸுக்கு செல்வின் ஊருக்கு வந்தபோது அவன் அப்பா அந்த வண்டியின் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"இனிமே நீயே வச்சிக்கோலே."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வேலியை ஒட்டி, வழவழ ரோட்டில் போனோம்.

"எப்படிலே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுது" என்றான். "இழுக்கதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."