நெட்டைத் திட்டாத இரண்டு ஞாயிறுகள்

செய்தி வந்தபோது நான் இன்டர்நெட் கம்பெனிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் இந்தியில் சத்தியம் செய்ய, நான் என்னுடைய இந்தியில் மறுத்துக்கொண்டிருந்தேன். புனேயில் இருபது வருடம் குப்பை கொட்டியும் என் இந்தி எதிராளியை அழவைக்கும் தரத்தைத் தாண்டவில்லை. இடையில் புனேயின் கோர்படிப் பகுதியிலிருந்து முருகேசன் அழைத்தார்.

"மல்லிகா போயிட்டா, சார்."

இன்டர்நெட் சண்டை அதோடு முடிந்தது.

முருகேசனின் மனைவி மல்லிகா மேடம் கோர்படியிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒரே சாஃப்ட்வேர் ஆபீஸில் இருந்தோம். நான் புரோகிராம் எழுதுவேன். அதிலுள்ள தப்புகளைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. என் புண்ணியத்தில் அவர் ஒருநாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. அபூர்வமாக ஒன்றும் அகப்படாத நாளில் என் மேஜைக்கே வந்து நிற்பார்.

"இன்னா சார், இன்னிக்கி ஒரு தப்பும் கெடைக்கல. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஊரடங்கில் ஆபீஸை மூடியபோது எனக்கு ஒரு பார்சல் அனுப்பினார். சின்ன வயதில் அவர் வீட்டில் புனே கேம்ப் கடைத்தெருவில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியின் இரண்டாம் நம்பர் கன்ட்ரோலர் அது. பெட்டி செத்துப் பல வருடம். கன்ட்ரோலர்கள் இரண்டும் மட்டும் உயிரோடு இருந்தன. ஒன்றாம் நம்பரைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதன் வயரைத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு போர்டில் செருகினார். அவர் கோர்படியில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும், அந்தச் செய்தியை அது நெட் வழியாக ஊரின் மறுகோடியில், ஔந்த்தில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். கம்ப்யூட்டரும் அப்பாவியாக, கன்ட்ரோலர் தன் முதுகிலேயே செருகியிருப்பதாக நம்பிவிடும். என் திரையை அவர் தன் வீட்டில் பார்த்துக்கொள்வார்.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே, மேடம்?" என்றேன்.

"சோடோ சார், விடுங்க. புதுசு வழவழன்னு கீது. இதுல அமுக்கினா, அமுக்கினேன்னு வெரலுக்குத் தெரியுது."

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் கார் பந்தயம். போன் ஸ்பீக்கரில் இருக்கும். அவர் வீட்டருகே ரயில் போனால் ஒரு வார்த்தையும் கேட்காது. இருவரும் காரை ஓரமாக நிறுத்திவிடுவோம். ரயில் போனபின் ஆட்டம் உடனே தொடங்கிவிடாது. யாருக்குப் பிரமோஷன், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஆபீஸ் வம்பு முழுவதையும் அலசியபிறகுதான் கார்கள் நகரும்.

முதல் வாரமே ஒரு தப்பைப் பிடித்தார். "உங்க பட்டன் பக்கத்துலேர்ந்து வருது. என்னுது கோர்படிலேர்ந்து ஔந்த் வரைக்கும் வரணும். இது நியாயமா, சார்?" அவர் அமுக்குவது எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறதோ, அதே தாமதத்தை என் கன்ட்ரோலருக்கும் வைக்கச் சொன்னார். வைத்தேன். தோற்றேன். நெட்டைத் திட்டினேன்.

"அரே, கம்ப்யூட்டரு உங்க மடியில கீது. உங்களுக்கு ஏது சார் நெட்டு?"

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தோற்றேன், ஒவ்வொரு ஞாயிறும் திட்டினேன். எங்கள் அடுக்குமாடியில் என் தோல்விகள் பிரசித்தம்.

பிறகுதான் அவருடைய விரல்களில் பலம் குறையத் தொடங்கியது. ஆஸ்பத்திரி, மருந்து, மறுபடி ஆஸ்பத்திரி. வளைவுகளில் அவர் கார் சுவரில் மோதியது. நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். அந்த வெற்றிகள் எனக்குச் செரிக்கவில்லை. சத்தமில்லாமல் என் கன்ட்ரோலரின் தாமதத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அவர் மறுபடி ஜெயித்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் கேட்டார்.

"என்னுதுல இன்னா பண்ணீங்க, சார்?"

"உங்களுதுல ஒண்ணும் பண்ணல, மேடம்."

"அப்ப உங்களுதுல பண்ணியிருக்கீங்க. ரெண்டு வாரமா தோக்கறீங்க, ஒருவாட்டிகூட நெட்டைத் திட்டல."

ஒரு ரயில் போயிற்று. அது போனபின் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டாக்டரு, நர்ஸு, வூட்டுக்காரரு, எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் கத்திக்கினு இருந்தீங்க. என் கை தோத்தா தோக்கட்டும், சார். நீங்க எடுத்துடுங்க அத்த."

எடுத்துவிட்டேன். அன்றே மூன்று ஆட்டம் தோற்று, "இத்தான் சார் ஆட்டம்" என்றார். அடுத்த வாரங்களிலும் தோற்றார். கன்ட்ரோலரைத் தலையணைமேல் வைத்து, கட்டைவிரல் ஒன்றாலேயே ஓட்டினார். கடைசியாக ஆடிய ஞாயிறன்று, கடைசி வளைவில் என் கார் தானாகவே புரள, அவர் கார் ஆடி அசைந்து கோட்டைத் தாண்டியது.

"நாசமாப்போன நெட்டு!" என்று கத்தினேன்.

"சத்தியமா?"

"சத்தியமா நெட்டுதான், மேடம்!"

அவர் சிரித்த சிரிப்பில் முருகேசன் பதறி ஓடிவந்தது போனில் கேட்டது.

காரியங்கள் முடிந்தபின் இரண்டாம் நம்பர் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முருகேசன் வாங்கவில்லை. "வெச்சுக்கோங்க, சார். இருந்திருந்தா, தோத்துட்டு ஓடறீங்களான்னு கேட்டிருப்பா."

இந்த ஞாயிறு சாப்பிட்டபின் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். கோட்டருகே இரண்டு கார்கள் நின்றன. ஒன்றாம் ஆட்டக்காரருக்காகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. நானும் காத்திருந்தேன். பிறகு தொண்டை கிழிய நெட்டைத் திட்டினேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி மறுபடி உள்ளே போய்விட்டாள்.

நெட் நன்றாகத்தான் இருந்தது, மேடம். போய் வாருங்கள்.