ஐம்பது பேர் குரல்

இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறவர்களுக்குத் தொண்டைதான் பிழைப்பு. உங்களில் வாத்தியார்கள் இருந்தால் இந்நேரம் ஒருமுறை செருமியிருப்பீர்கள்.

திங்கட்கிழமைச் சொல்

ராயபுரத்தில் டீக்கடைக்கு மேலே என் வகுப்பு. திங்கள்தோறும் அதிகம் புழங்காத ஒரு சொல்லை எடுப்பேன். அன்று 'ஸ்டென்டோரியன்'. இடிபோல் முழங்குகிற குரலுக்கான அடைமொழி. பழைய கிரேக்கப் போர்க்கதையில் ஐம்பது பேர் சத்தத்தை ஒருவனே எழுப்பிய அறிவிப்பாளனின் பெயரிலிருந்து வந்தது. நாவல்காரர்கள் இதைக் கப்பல் கேப்டனுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் வைப்பார்கள், பாதி மரியாதையாக, பாதி கிண்டலாக.

உதாரணம் கேட்டேன். எல்லோரும் காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஸ்டெல்லாக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில் யாரோ 'மெதுவா பேசும்மா, இது மார்க்கெட் இல்ல' என்று சொன்னதிலிருந்து, வகுப்பில் அவர் முணுமுணுப்பதோடு சரி. அன்றும் முணுமுணுத்தார்: "என் குரலுக்குக் கூட புக்குல வார்த்தை கீதா, டீச்சர்?"

டாக்டர் போட்ட பூட்டு

அடுத்த மாதமே என் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மாதம் வாய் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். போர்டில் எழுதியே சமாளித்தேன். சத்தமில்லாத பேச்சு வகுப்புக்கு யார் வருவார்கள்? பாதி பெஞ்சு காலி. இந்த வகுப்பை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. பயந்துபோய், ரகசியக் குரலிலாவது பேசட்டுமா என்று டாக்டரிடம் எழுதிக் காட்டினேன். டாக்டர் சிரிக்கவேயில்லை: "அது இன்னும் கெடுதல். பேசியே ஆகணும்னா வேற யாரையாவது பேசச் சொல்லுங்க."

ஒரு தரம், ரெண்டு தரம்

அப்படிப் பேசச் சொன்னது ஸ்டெல்லாக்காவைத்தான், 'கத்தியே படியுங்கள்' என்று எழுதிக் காட்டி. நான் போர்டில் எழுதியதை அவர் முழுக் குரலில் படித்தார். உச்சரிப்பு தப்பினால் மேஜையைத் தட்டுவேன், திரும்பச் சொல்வார். பழக்கதோஷத்தில் கேள்விகளையும் ஏலம் விட்டார். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்பதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். கீழே டீ குடிப்பவர்களும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். தெருவில் அதைக் கேட்டு, வகுப்புக்கு வராமல் நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

குரல் திரும்பிய அன்று முதல் வேலையாக அவருக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். என் வகுப்பைக் காப்பாற்றியது அந்தக் குரல்தான். ஸ்டெல்லாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இன்னா டீச்சர், இதுக்குப் போயி அழுவுற? கத்தாதேன்னு சொன்னவங்கதான் ஜாஸ்தி. கத்துன்னு கேட்டது நீ ஒருத்திதான்."

இப்போது என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கேள்வி கேட்டால் டீக்கடையிலிருந்து ஒருவரும் பதில் சொல்வதில்லை.