ஆழ்கடல் நங்கூரமும் அண்ணனின் வள்ளமும்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, என்ன வேலை என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். "ஆங்கர் டிசைன்" என்றேன். "ஆங்கரா? யாவ சானல்?" எந்தச் சானல் என்று கன்னடத்தில் கேட்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது. டிவி இல்லை, கடலில் போடும் நங்கூரம் என்று விளக்கியதும் அந்த மலர்ச்சி போயிற்று. கடலே இல்லாத ஊரில் அது என்ன பிழைப்பு என்று நினைத்திருப்பார்.

எண்ணெய் எடுக்கும் மிதவை மேடைகளைக் கட்டிப்போட, கூர்முனை கொண்ட பெரிய இரும்புத் தூண்களை ஆழ்கடலில் விடுவார்கள். அவை தம் எடையாலேயே விழுந்து தரையில் குத்தி நிற்க வேண்டும். விழும் வழியில் தண்ணீர் அவற்றை எவ்வளவு சாய்க்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. சொந்த ஊரான தூத்துக்குடியில் அண்ணன் அந்தோணி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்தான். எனக்கோ வள்ளத்தில் ஏறினாலே வாந்தி; அதனால்தான் படித்தேன்.

ஒரு புயலில் அண்ணனின் வள்ளம் கரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் மதினி ஆபீசுக்கே போன் செய்தார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல கடலத்தான பாக்கீக? அவுக எங்க கெடக்காகன்னு பாத்துச் சொல்லுங்க."

அது நிஜக் கடல் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பாக்கேன் மதினி" என்றேன்.

டீம் லீடர் மஞ்சுநாத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "காத்து எவ்ளோ? நீரோட்டம் எந்தப் பக்கம்? கடைசியா எங்க இருந்தாங்க?" எதுவும் எனக்குத் தெரியாது. "இன்புட் இல்லாம என்னப்பா பண்றது?" என்று என் தோளில் கை வைத்தார். ஆனாலும் தோன்றிய எண்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வள்ளம் வேறொரு இடத்தில் இருந்தது. மதினி மறுபடி இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

நான்காம் நாள் அண்ணனையும் உடன் போனவர்களையும் ஒரு விசைப்படகு வள்ளத்தோடு இழுத்து வந்தது. அன்றிரவே பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அண்ணனின் உள்ளங்கைகள் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தன.

"நங்கூரம் புடிக்கவே இல்லடே. சேத்த உழுதுகிட்டே போச்சு. நல்லதா ஒண்ணு சொல்லு."

எனக்குத் தெரிந்த நங்கூரங்கள் அவன் வள்ளத்தைவிடப் பல மடங்கு கனமானவை. சிறிய வள்ளத்துக்கு எது பிடிக்கும் என்று நான் கணக்கிட்டதே இல்லை. "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

புண் ஆறுமுன்பே, அதே நங்கூரத்தோடு அவன் கடலுக்குப் போனான். எனக்குப் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தோளில் ஆபீஸ் பை, கையில் ஷூ. வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை கணுக்கால் தண்ணீரில் நின்றேன்.